நாடு முழுக்க போடறதுக்கு முன்னாடி ஒரு ஒன்றியத்துல போட்டுப் பாக்கறது எதுக்கு?

ஜார்க்கண்ட்ல ராஞ்சிக்குப் பக்கத்துல நக்ரின்னு ஒரு ஒன்றியம் இருக்கு. 2017 அக்டோபர்ல அங்க மட்டும் ரேஷன்ல ஒரு புது முறை கொண்டு வந்தாங்க. அதுவரைக்கும் கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வாங்கிட்டிருந்த ஜனங்க இனிமே அதே ரேஷன் கடைல கிலோவுக்கு 32 ரூபா கிட்ட குடுத்து வாங்கணும், அந்த மானியக் காச கவர்மெண்ட் முன்னாடியே பேங்க் அக்கவுண்ட்ல போட்டுடும், அவ்வளவுதான் திட்டம். பேப்பர்ல பாத்தா கணக்கு டேலி ஆகுது. கடைக்காரர் அரிசிய வெளில விக்கறது, போலி கார்டு, இதெல்லாம் ஒழிஞ்சிடும்னு அதிகாரிங்க நெனச்சாங்க.

நேர்ல நடந்தது வேற. ஒரு வீட்டுல மூணு பேருக்கு அக்கவுண்ட் இருக்கும், காசு யாரோடதுல விழுந்துச்சுன்னே தெரியாது, அதப் பாக்க பாஸ்புக்க தூக்கிட்டு பேங்குக்கு ஒரு நடை, அங்க போனா இவ்ளோ சின்ன அமௌண்டுக்கெல்லாம் இங்க வராதீங்க பிரக்யா கேந்திரா போங்கன்னு சொல்லிடுவாங்க (நம்ம ஊரு இ-சேவை மையம் மாதிரி ஒண்ணு), அங்க கைரேகை வச்சு காச எடுத்துட்டு அப்புறம் ரேஷன் கடைக்கு வந்து க்யூல நிக்கணும். கூலிக்குப் போற ஆளுக்கு ஒவ்வொரு நடையும் பாதி நாள் சம்பளம். வயசானவங்க பாடு கேக்கவே வேணாம். ஜனங்க கொதிச்சுப் போய் ராஞ்சிக்கு ஊர்வலமா போனாங்க, ஆய்வு பண்ணவங்க கிட்டயும் பெரும்பாலானவங்க பழைய முறையே போதும்னு சொன்னாங்க, 2018 ஆகஸ்ட்ல கவர்மெண்ட் அத வாபஸ் வாங்கிடுச்சு.

இத எதுக்கு சொல்றேன்னா, இப்படி ஒரு இடத்துல மட்டும் வெள்ளோட்டம் விட்டுப் பாக்கறதுக்குப் பேருதான் பைலட் ப்ராஜெக்ட். நியூஸ்ல "சோதனை முறையில்", "முன்னோடித் திட்டமாக"ன்னு வரும்ல, அதான். நக்ரி திட்டம் தோத்துச்சு, ஆனா வெள்ளோட்டம் அதோட வேலைய கரெக்டா செஞ்சுது. அந்த அலைச்சல் ஒரு ஒன்றியத்தோட நின்னுச்சு, இல்லன்னா ஜார்க்கண்ட் பூராவும் அலைஞ்சிருக்கும். அந்த ஒரு ஒன்றியத்து ஜனங்க பத்து மாசம் பட்ட பாட்டுக்கு யாரு பதில் சொல்றதுங்கறது தனிக் கேள்வி, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடுவோம். "முதற்கட்டமாக"ன்னு வர்றதெல்லாம் வெள்ளோட்டம் கிடையாது. நூறு நாள் வேலைத் திட்டத்த எடுத்துக்குங்க, 2006 பிப்ரவரில 200 பின்தங்கிய மாவட்டத்துல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் இன்னும் 130 மாவட்டம், 2008 ஏப்ரல்ல மீதி எல்லாம். ஆனா 2005-லயே பார்லிமெண்ட்ல சட்டம் போட்டாச்சு, நாடு முழுக்க வரப்போகுதுன்னு முடிவாயிடுச்சு, காசும் ஆளும் ஒரே நாள்ல பத்தாதுன்னு கட்டம் கட்டமா விட்டாங்க. அது பரிட்சை இல்ல, தவணை. பரிட்சைன்னா ஃபெயில் ஆனா கைவிடறதுக்கு வழி இருக்கணும். (அந்தத் திட்டத்துக்கும் உண்மையான முன்னோட்டம் ஒண்ணு உண்டு. 1972-73 பஞ்சத்துல மகாராஷ்டிரால ஆரம்பிச்ச வேலை உறுதித் திட்டம். முப்பது வருஷத்துக்கு மேல ஒரே ஒரு மாநிலத்துல ஓடி, கேட்டவங்களுக்கு வேலை குடுக்கறது நடக்கற காரியம்தான்னு காமிச்சுது.)

இப்படி யாரும் பரிட்சைன்னு திட்டம் போடாமலே ஒரு மாநிலம் தன் பாட்டுக்கு செஞ்சு, மத்தவங்க அதப் பாத்து எடுத்துக்கறது இன்னொரு வகை. நம்ம மதிய உணவு அப்படித்தான். 1956-ல காமராஜர் ஆரம்பிச்சு 1982-ல எம்ஜிஆர் சத்துணவா பெருசாக்கி, 1995-ல மத்திய அரசு தேசியத் திட்டம் கொண்டு வர்றப்பவும் பல மாநிலத்துல அரிசி கோதுமையாதான் வீட்டுக்கு அளந்து குடுத்தாங்க, 2001-ல சுப்ரீம் கோர்ட் சமைச்ச சாப்பாடாவே போடணும்னு உத்தரவு போட்டுச்சு. நடக்காத காரியம்னு சொல்ல முடியாது, இங்கதான் தெனமும் நடந்துக்கிட்டிருந்துச்சே.

கனடாவோட இலவச வைத்தியமும் இதே கதைதான், இன்னும் சுவாரசியமா இருக்கும். சஸ்காச்சவான்னு கோதுமை விளையற ஒரு மாகாணம், பெருசா பணக்கார ஊரும் இல்ல. அங்க டாமி டக்ளஸ் முதல்வரா இருந்தப்ப, 1946-ல ஸ்விஃப்ட் கரண்ட்ங்கற ஒரு வட்டாரத்துல மட்டும் டாக்டர் செலவையும் சேத்து பொதுக் காசுல பாத்துக்கற முறை ஆரம்பமாச்சு. 1947-ல மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிச் செலவுக்கு காப்பீடு. அது நல்லா ஓடறதப் பாத்து 1957-ல மத்திய அரசு செலவுல பங்கு தரேன்னு சட்டம் போட்டுச்சு. அடுத்தது 1962 ஜூலை 1, மாகாணம் பூராவுக்கும் டாக்டர் ஃபீஸும் சேர்ந்துச்சு. அன்னைக்கே டாக்டர்ங்க ஸ்ட்ரைக்ல எறங்கிட்டாங்க. 23 நாள். பிரிட்டன்லேர்ந்து டாக்டர்ங்கள பிளைட்ல வரவழைச்சு சமாளிச்சாங்க. கடைசில ரெண்டு பக்கமும் கொஞ்சம் எறங்கி வந்து ஒப்பந்தமாச்சு, கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் பழகிப் போச்சு, 1966-ல தேசியச் சட்டம், 1972-க்குள்ள நாடு முழுக்க வந்துடுச்சு. கவனிக்க வேண்டியது, அந்த சண்டை ஒரு மாகாணத்துக்குள்ள நடந்து முடிஞ்சுது. எடுத்த எடுப்புல நாடு முழுக்க போட்டிருந்தா நாடு முழுக்க ஆஸ்பத்திரிய மூடியிருப்பாங்க, எந்த கவர்மெண்டும் 23 நாள் தாக்குப் பிடிச்சிருக்காது.

சரி, இதெல்லாம் வேடிக்கை பாத்து கத்துக்கறது. ஒழுங்கா கணக்கு வச்சு பரிட்சை பண்றதுன்னா என்னன்னு தெரியணும்னா மெக்சிகோவுக்குப் போகணும், என்னக் கேட்டா இந்த விஷயத்துல இதவிட நல்ல உதாரணம் இல்ல.

1990-கள்ல மெக்சிகோல ஏழைங்களுக்குன்னு டார்ட்டியாவுக்கும் (நமக்கு இட்லி தோசை மாதிரி அங்க சோள ரொட்டி) பாலுக்கும் மானியம் குடுத்தாங்க, அதுல பெரும்பகுதி நகரத்துல இருக்கறவங்களுக்கே போச்சு, மலைக் கிராமத்துல இருக்கறவங்க கைக்கு வரல. அந்த நேரத்துல பொருளாதாரமும் படுத்துடுச்சு. நிதித்துறை துணை அமைச்சரா இருந்த சாந்தியாகோ லெவின்னு ஒரு பொருளாதார நிபுணர், காசாவே குடுத்துடலாம், ஆனா அம்மா கைல குடுக்கணும், பிள்ளைங்க ஸ்கூலுக்கு 85 சதவீதம் நாள் போகணும், குடும்பம் கிளினிக்குக்கு செக்கப் வரணும், அப்பதான் காசுன்னார். பெரிய கிளாஸ்ல படிக்கற பொம்பளப் பிள்ளைங்களுக்கு பசங்களவிடக் கொஞ்சம் அதிகம், ஏன்னா அவங்களதான் சீக்கிரம் நிறுத்திடுவாங்க.

அங்க ஒரு வழக்கம் உண்டு, ஆறு வருஷத்துக்கு ஒரு தடவ புது அதிபர் வருவார், வந்ததும் பழைய ஆளோட திட்டத்த மூடிட்டு தன் பேர்ல ஒண்ணு ஆரம்பிப்பார். (எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா?) அதுக்குத் தப்பிக்கணும்னா "இது வேலை செய்யுது"ன்னு யாரும் மறுக்க முடியாத ஆதாரம் கைல இருக்கணும்னு நெனச்சாங்க. முதல்ல காம்பேச்சே மாநிலத்துல சின்னதா ஒரு ட்ரயல். அப்புறம் 1997-ல ப்ரோக்ரேசாங்கற பேர்ல திட்டம் ஆரம்பிச்சப்ப ஏழு மாநிலத்துல 506 கிராமங்கள எடுத்து, குலுக்கல் மாதிரி பிரிச்சு, 320 கிராமத்துக்கு 1998-லயே காசு, மீதி 186-க்கு கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கழிச்சுதான். அந்த 186-லயும் வீடு வீடா போய் அதே கேள்வியக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. மொத்தம் 24,000 குடும்பம் கிட்ட.

எதுக்கு இந்த 186? இங்கதான் விஷயமே இருக்கு, கொஞ்சம் நின்னு பாப்போம். ஒரு மாவட்டத்துல திட்டம் போட்டோம், ஸ்கூல் அட்டெண்டன்ஸ் 70-லேர்ந்து 80 ஆச்சுன்னு வைங்க (சும்மா ஒரு கணக்குக்கு சொல்றேன்). ஆஹா பத்து ஏறிடுச்சுன்னு அமைச்சர் பேட்டி குடுத்துடுவார். ஆனா பக்கத்து மாவட்டத்துல திட்டமே இல்லாம 70-லேர்ந்து 76 ஆயிருக்குன்னா? அந்த வருஷம் மழை நல்லா பெஞ்சிருக்கலாம், புதுசா பஸ் விட்டிருக்கலாம், என்னமோ ஒண்ணு. அப்ப திட்டத்தால ஏறினது பத்து இல்ல, நாலு. அந்த பக்கத்து மாவட்டத்த பாக்கலன்னா நமக்கு இது தெரியவே தெரியாது. அந்தப் பக்கத்து மாவட்டமும் நம்ம இஷ்டத்துக்கு பொறுக்கினதா இருக்கக்கூடாது, நல்ல ஊரா பாத்து திட்டம் போட்டுட்டு சோப்ளாங்கி ஊரா பாத்து ஒப்பிட்டா யாரு வேணா ஜெயிக்கலாம். அதனாலதான் குலுக்கல். குலுக்கல் போட்டா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஊருங்க விழும், வித்தியாசம் வந்தா அது திட்டத்தாலன்னு தைரியமா சொல்லலாம்.

மெக்சிகோ ரிசல்ட்ட வாஷிங்டன்ல இருக்கற சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனம் அலசினாங்க. பெரிய கிளாஸ்ல சேர்ற பிள்ளைங்க கூடினாங்க, அதுலயும் பொம்பளப் பிள்ளைங்க ஜாஸ்தி. சின்னக் குழந்தைங்களுக்கு உடம்புக்கு முடியாம போறது கொறஞ்சுது. ஆனா ஆரம்பப் பள்ளில பெருசா ஒண்ணும் மாறல, ஏன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடியே கிட்டத்தட்ட எல்லாரும் போயிட்டுதான் இருந்தாங்க. ஸ்கூலுக்குப் போறது கூடுச்சே தவிர டெஸ்ட் மார்க்குல தெளிவா ஒரு ஏத்தம் தெரியல. ஒரு நல்ல பரிட்சைன்னா இப்படித்தான் இருக்கும், எது நடந்துச்சு எது நடக்கலன்னு தனித்தனியா சொல்லும். "மாபெரும் வெற்றி"ன்னு மட்டும் ஒரு ரிப்போர்ட் வந்தா எனக்கு டவுட்டுதான் வரும்.

2000-ல 71 வருஷம் ஆண்ட கட்சி தோத்துப் போச்சு. புது அதிபர் திட்டத்த மூடல, 2002-ல ஓப்போர்துனிதாதேஸ்னு பேர மாத்தி நகரத்துக்கும் விரிச்சார், லட்சக்கணக்குல இருந்தது சில வருஷத்துல 50 லட்சம் குடும்பத்தத் தொட்டுச்சு. 2014-ல மறுபடி பேர் மாத்தம். 2018 கடைசில வந்த அரசு 2019-ல மொத்தமா எடுத்துடுச்சு. ஆதாரம் இருபது வருஷம் காப்பாத்துச்சு, அதுவே பெருசு.

இனிமே தான் வில்லங்கம். ஒரு இடத்துல ஜெயிச்சா எல்லா இடத்துலயும் ஜெயிக்குமா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான், ஆனா அது ஒரே பானை, ஒரே தீ. நாடு அப்படியா இருக்கு.

அமெரிக்கால டென்னசி மாநிலத்துல 1985-லேர்ந்து நாலு வருஷம் ஒரு பரிட்சை நடந்துச்சு, 79 ஸ்கூல், 11,000-க்கு மேல பிள்ளைங்க. கிளாஸ்ல 22-25 பேருக்கு பதிலா 13-17 பேர் வச்சா என்ன ஆகும்னு குலுக்கல் போட்டு பாத்தாங்க. மார்க் ஏறுச்சு, ஏழைப் பிள்ளைங்களுக்கும் கறுப்பினப் பிள்ளைங்களுக்கும் இன்னும் நல்லாவே. இத மேற்கோள் காட்டி கலிஃபோர்னியா 1996-ல மாநிலம் பூரா சின்ன கிளாஸ்ல மட்டும் கிளாஸுக்கு 20 பேர்னு அவசர அவசரமா கொண்டு வந்துச்சு. என்ன ஆச்சுன்னா திடீர்னு ஆயிரக்கணக்குல டீச்சர் தேவைப்பட்டாங்க, அத்தன டீச்சர் எங்க இருக்காங்க? வசதியான ஏரியா ஸ்கூல்ல வேக்கன்சி வந்ததும் ஏழை ஏரியால இருந்த அனுபவசாலி டீச்சருங்க அங்க தாவிட்டாங்க, இவங்க இடத்துக்கு முழுத் தகுதி இல்லாத புது ஆளுங்க வந்தாங்க. க்ளாஸ் ரூமும் பத்தல, லைப்ரரியயும் மத்த ரூமையும் க்ளாஸ் ஆக்கினாங்க. டென்னசில 79 ஸ்கூலுக்கு டீச்சர் தேடறது ஒரு பிரச்சினையே இல்ல, அதனால அந்தப் பிரச்சினை பரிட்சைல வரவே இல்ல. சின்னதா பண்றப்ப தெரியாத சிக்கல் பெருசா பண்றப்பதான் தெரியும், இது வெள்ளோட்டத்தோட பிறவிக் குறை.

கென்யால நடந்தது இன்னும் பளிச்சுனு காட்டும். ஸ்கூலுக்கு கூடுதலா ஒப்பந்த டீச்சர் போட்டா மார்க் ஏறுதான்னு பாத்தாங்க, சில ஸ்கூல்ல ஒரு தொண்டு நிறுவனம் நடத்துச்சு, சில ஸ்கூல்ல கவர்மெண்டே நடத்துச்சு. தொண்டு நிறுவனம் நடத்தின இடத்துல மார்க் ஏறுச்சு. கவர்மெண்ட் நடத்தின இடத்துல ஒண்ணும் இல்ல. ஒரே திட்டம்! சம்பளம் லேட், மேற்பார்வை கெடயாது, யூனியன் சண்டை, இப்படிப் போச்சு. என் கருத்து என்னன்னா வெள்ளோட்டம்ங்கறது ஐடியாவ மட்டும் டெஸ்ட் பண்ணா பாதி டெஸ்ட்தான். நாளைக்கு அத ஓட்டப் போற விஏஓ, ரேஷன் கடைக்காரர், பேங்க் கிளர்க், சத்துணவு ஆயா, இவங்க கைல குடுத்து டெஸ்ட் பண்ணணும். கலெக்டர் வாரத்துக்கு ரெண்டு தடவ ஜீப்ல வந்து பாத்துட்டுப் போற ஒரு ஊர்ல எந்தத் திட்டம்தான் ஓடாது.

நம்ம ஊர் காலை உணவுத் திட்டத்த இந்தக் கண்ணோட பாக்கலாம். 2022 செப்டம்பர் 15-ல மதுரைல ஆரம்பிச்சப்ப 1,545 ஆரம்பப் பள்ளி, 1.14 லட்சம் பிள்ளைங்க. மாநகராட்சி, நகராட்சி, கிராமம், மலைப்பகுதின்னு கலந்து எடுத்திருந்தாங்க, அது நல்லது. நகரத்துல ஒரே இடத்துல பொதுவா சமைச்சு வண்டில அனுப்பறது, கிராமத்துல மகளிர் குழுக்காரங்க ஸ்கூல்லயே உப்புமா கிச்சடி பொங்கல்னு சமைக்கறது, இப்படி ரெண்டு விதமும் ஓடுச்சு. காலைல நேரத்துக்கு சமைச்சு முடிக்கணும்னா அந்த அக்காங்க விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும், இதெல்லாம் சட்டசபைல பேசறப்ப தெரியாது, ஓட்டிப் பாத்தாதான் தெரியும். 2023 ஆகஸ்ட் 25-ல திருக்குவளைல இருந்து 31,008 அரசுப் பள்ளிக்கும் விரிச்சாங்க, தெலங்கானாக்காரங்க இங்க ஆள் அனுப்பி பாத்துட்டுப் போய் அதே வருஷம் அங்கயும் ஆரம்பிச்சாங்க. சமைக்கற ஏற்பாட்டப் பொறுத்தவரைக்கும் இது நல்ல வெள்ளோட்டம். ஆனா மெக்சிகோ மாதிரி குலுக்கல் போட்டு ஒப்பிட ஒரு பக்கம் வைக்காததால, படிப்புல எவ்வளவு மாத்தம் வந்துச்சுன்னு கறாரா சொல்றது கஷ்டம். பசிச்ச பிள்ளைக்கு சோறு போடறதுக்கு ஆராய்ச்சி வேணுமான்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான், சில விஷயத்துக்கு வேணாம்.

எல்லாத்தவிட மோசமானது ஓட்டிப் பாத்துட்டு கண்ண மூடிக்கறது. பிரிட்டன்ல தாட்சர் காலத்துல வீட்டு வரிக்குப் பதிலா தலைக்கு இவ்வளவுன்னு ஒரு வரி, போல் டாக்ஸ்னு சொல்வாங்க. ஒரே கவுன்சில்ல (நம்ம நகராட்சி மாதிரி) இருந்தா பங்களாக்காரருக்கும் வாடகை வீட்டு கூலிக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே பில். 1989 ஏப்ரல்ல ஸ்காட்லாந்துல மட்டும் முதல்ல வந்துச்சு. கவர்மெண்ட் அத ட்ரயல்னு சொல்லல, ஆனா ஸ்காட்லாந்துக்காரங்க எங்கள சோதனை எலி ஆக்கிட்டாங்கன்னு இன்னைக்கும் சொல்வாங்க. லட்சக்கணக்கான பேர் கட்ட மாட்டோம்னுட்டாங்க. ஒரு வருஷம் கைல இருந்துச்சு, பாத்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாம 1990 ஏப்ரல்ல இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் கொண்டு வந்தாங்க, அதுக்கு முந்தின நாள் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்துல பெரிய கலவரம், நவம்பர்ல தாட்சர் பதவிய விட்டே போனாங்க, 1993-ல வரியையே எடுத்துட்டு வேற வரி போட்டாங்க.

அப்புறம் வரேன்னு சொன்ன கேள்வி. ஒரு ஊருக்குக் குடுத்து இன்னொரு ஊரக் காத்திருக்க வைக்கறது நியாயமா? மெக்சிகோல அவங்க சொன்ன பதில், எல்லாருக்கும் ஒரே நேரத்துல குடுக்க எப்படியும் காசு இல்ல, யாரோ காத்திருக்கத்தான் போறாங்க, அத எம்எல்ஏ தயவுல முடிவு பண்றதவிட குலுக்கல் மேல்னு. எனக்கு இது சரின்னு படுது. ஆனா நக்ரி மாதிரி ஏற்கனவே கைல இருக்கறத எடுத்து வச்சு சோதனை பண்றது வேற ரகம், அங்க தப்பாப் போனா அந்த மாசச் சோறு போயிடும். அப்படி ஒண்ணு பண்ணணும்னா பழைய வழியயும் மூடாம தொறந்து வச்சிருக்கணும், நஷ்டத்த யாரு குடுக்கறதுன்னு முன்னாடியே எழுதி வச்சிருக்கணும், என்னைக்கு முடியும்னு தேதி போட்டிருக்கணும்.

தேதி போடாத ட்ரயல் என்ன ஆகும்னு பாக்க ரொம்ப தூரம் போக வேணாம், பாண்டிச்சேரி இருக்கு. 2015-ல சண்டிகர், பாண்டிச்சேரி, அடுத்த வருஷம் தாத்ரா நாகர் ஹவேலில சில பகுதி, இப்படி மூணு யூனியன் பிரதேசத்துல ரேஷன் தானியத்துக்குப் பதிலா அக்கவுண்ட்ல காசு போடற முறைய வெள்ளோட்டம் விட்டாங்க. நக்ரிக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம், இங்க காச வச்சு ரேஷன் கடைக்கே போகணும்னு இல்ல, எந்தக் கடைலயும் வாங்கிக்கலாம். ஆரம்ப மாசங்கள்ல காசு வந்துச்சா வரலயான்னே நிறைய பேருக்குத் தெரியல, போகப் போக சண்டிகர் மாதிரி இடத்துல பழகி காசே பரவாயில்லன்னு சொல்றவங்க கூடினாங்க. மூணாவது மாசம் கேட்டிருந்தா ஒரு பதில், ரெண்டாவது வருஷம் கேட்டா வேற பதில். பாண்டிச்சேரில என்னன்னா ரேஷன் கடைங்க மூடிப் போச்சு, ஊழியர்ங்க சம்பளம் இல்லாம போராட்டம், நாராயணசாமி முதல்வரா இருந்தப்ப பாண்டிச்சேரி அரசோட இலவச அரிசிய அரிசியாவே குடுக்கணும்னு அவரும் காசாத்தான் குடுக்கணும்னு துணைநிலை கவர்னர் கிரண் பேடியும் முட்டிக்கிட்டு ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க. எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் ரேஷன் கடையத் திறப்போம்ங்கறது ஒரு வாக்குறுதியாவே ஆயிடுச்சு. கடைசில 2024 தீபாவளிக்கு கொஞ்சம் முன்னாடி கடையத் திறந்து அரிசியும் சர்க்கரையும் போட ஆரம்பிச்சாங்க. பரிட்சை பாஸா ஃபெயிலான்னு அந்த ஒன்பது வருஷத்துல எனக்குத் தெரிஞ்சு யாரும் ஒரு முடிவ அறிவிக்கவே இல்ல.